கன்சாஸ் டீமோட 125 வருஷக் கதைய எங்க இருந்து புடிக்கிறது

காலேஜ் பாஸ்கெட்பால் புதுசா பாக்க வர்றவங்க நெறைய பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறாங்க, டீம் பேர போட்டு தேடி எத்தன டைட்டில்னு எண்ணிட்டு, ரெண்டு ஹைலைட் வீடியோ பாத்துட்டு மூடிடுவாங்க, ஒரு மாசத்துல எல்லாம் மறந்து போயிடும். என்பிஏங்கற தொழில்முறை லீக் டீமுக்கு அது ஓரளவு சரிப்படும், அங்க ஒரு ஆளு பத்து வருஷம்கூட ஒரே ஜெர்சில இருப்பாரு. யுனிவர்சிட்டி டீம்ல பையன் வருவான், நாலு வருஷம் ஆடுவான், இப்பல்லாம் நல்லா ஆடுறவன் ஒரே வருஷத்துல கெளம்பிடுறான். அதனால ப்ளேயர் பேர புடிச்சுக்கிட்டு போனா கத கையில நிக்காது. கோச்ச புடிங்க. இத நான் கன்சாஸ் யுனிவர்சிட்டி ஆண்கள் டீம வச்சு சொல்றேன், நான் ரொம்ப நேசிக்கிற டீம், அதுக்கும் மேல இந்த ஆட்டத்தோட வேரே அங்கதான் போய் நிக்குது.

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. 1898ல இருந்து இன்னைக்கு வரைக்கும் கன்சாஸுக்கு மொத்தமே எட்டு ஹெட் கோச்தான். ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஃபாக் ஆலன், ஹாமில்டன், டிக் ஹார்ப், டெட் ஓவன்ஸ், லாரி பிரவுன், ராய் வில்லியம்ஸ், பில் செல்ஃப். இத வரிசையா எழுதி பக்கத்துல வருஷம் போடுங்க, ஆலன் மட்டும் ரெண்டு தடவ வருவாரு, 1907ல இருந்து 1909, அப்புறம் 1919ல இருந்து 1956. எட்டு பேர்ங்கறதால ஒரு சாயங்காலத்துல மனப்பாடம் ஆயிடும், அதுக்கப்புறம் நீங்க எந்த மேட்ச் பத்தி கேள்விப்பட்டாலும் அது யாரு காலத்துலன்னு டக்குனு வச்சுக்கலாம்.

நெய்ஸ்மித்த பத்தி கொஞ்சம் நிதானமா படிங்க. 1891 டிசம்பர்ல மாசசூசெட்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்டுல, குளிர் காலத்துல உள்ளயே ஆட ஒரு ஆட்டம் வேணும்னு பீச் பழக் கூடைய மாட்டி பாஸ்கெட்பால கண்டுபுடிச்சாரே, அதே ஆளுதான். அன்னைக்கு கூட மாட்டுன பத்தடி உயரம் இன்னைக்கும் மாறல. 1898ல கன்சாஸுக்கு வந்தப்ப பாஸ்கெட்பால் கோச்சா வரல, சேப்பலையும் உடற்பயிற்சி வகுப்பையும் பாத்துக்கத்தான் வந்தாரு. 1899 பிப்ரவரி 3ல மொத மேட்ச், கன்சாஸ் சிட்டி ஒய்எம்சிஏ கிட்ட 16-5னு தோல்வி. அவரு மொத்த கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. இந்த எட்டு பேர்ல ஜெயிச்சத விட அதிகமா தோத்தவரு இவரு ஒருத்தர்தான். ஏன்னா இது உடம்புக்கும் மனசுக்கும் நல்லதுன்னு பசங்க ஆடுற ஆட்டம், கோச் வச்சு சொல்லிக் குடுக்குற விஷயமே இல்லன்னு நெனச்சாரு, ஆலன் கோச்சா போறேன்னு வந்தப்ப அதயேதான் சொல்லிப் பாத்தாரு.

ஆலன் கேக்கல. நெய்ஸ்மித் கிட்ட ஆடுன பையன், இத தொழிலாவே ஆக்கிட்டாரு, கன்சாஸ்ல மட்டும் 39 சீசன், 590 வெற்றி. மூடுபனில கப்பலுக்கு ஊதுற சங்கு மாதிரி குரல்ங்கறதால ஃபாக்னு பேரு, வைத்தியம் படிச்சவருங்கறதால ப்ளேயருங்க டாக்னு கூப்புடுவாங்க. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல பாஸ்கெட்பால் சேந்ததுக்கு பின்னாடி இவரோட உழைப்பு நெறைய இருக்கு.

இப்ப அந்த பேப்பர்ல யாரு யாருகிட்ட கத்துக்கிட்டாங்கன்னு கோடு போடுங்க, இதுதான் முக்கியமான வேல, இத பண்ணாம விட்டா கதைல பாதி போச்சு. ஆலன் கிட்ட ஆடுன அடால்ஃப் ரப் கென்டக்கிக்கு போயி அத பெரிய டீம் ஆக்குனாரு. ஆலனோட 1952 டீம்ல பெரும்பாலும் பெஞ்சுல உக்காந்திருந்த டீன் ஸ்மித் நார்த் கரோலினாவ கட்டி எழுப்புனாரு. ஸ்மித் கிட்ட ஆடுனவர் லாரி பிரவுன், அவரு கன்சாஸுக்கு கோச்சா வந்து 1988ல டைட்டில் ஜெயிச்சாரு. ஸ்மித்துக்கு அசிஸ்டன்ட்டா இருந்தவர் ராய் வில்லியம்ஸ், பிரவுன் போனதும் அந்த எடத்துக்கு வந்தாரு. பிரவுன் கிட்ட கன்சாஸ்லயே சின்ன வேலைல ஒரு சீசன் இருந்தவர் பில் செல்ஃப். நெய்ஸ்மித்ல ஆரம்பிச்சு செல்ஃப் வரைக்கும் குரு சிஷ்ய வரிச அறாம வருது, நம்ம பாட்டு வாத்தியார் பரம்பர சொல்ற மாதிரி விரல் விட்டு எண்ணிடலாம். கென்டக்கி, நார்த் கரோலினான்னு எதிரியா நிக்கிற டீமும் இந்த வீட்டுலேர்ந்து போனவங்க வளத்ததுதான்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த மேட்ச்செல்லாம் வேற மாதிரி தெரியும்.

அடுத்தது, பழைய ஸ்கோர படிக்கிறதுக்கு முன்னாடி அந்த காலத்து ரூல் என்னன்னு பாத்துக்கோங்க. 1937 வரைக்கும் ஒவ்வொரு கூடைக்கு அப்புறமும் நடுவுல போயி, பந்த மேல எறிஞ்சு ரெண்டு பக்கமும் எம்பித் தட்டுற ஜம்ப் பால், அதனால ஸ்கோர் கம்மியாதான் இருக்கும். 1972 வரைக்கும் மொத வருஷ பையன் மெயின் டீம்ல ஆடக் கூடாது. பந்து கையில இருக்குற டீம் இத்தன செகண்டுக்குள்ள கூடைக்கு எறியணும்ங்கற ஷாட் கிளாக் ஆண்கள் காலேஜ் ஆட்டத்துக்கு 1985-86ல தான் வந்துது, அதுவும் 45 செகண்ட், இப்ப 30. தூரத்துக் கோட்டுக்கு வெளியேர்ந்து போட்டா மூணு பாயின்ட்ங்கற த்ரீ பாயின்ட்டர் 1986-87. தேசிய சாம்பியன முடிவு பண்ண, காலேஜ் விளையாட்ட பாத்துக்குற என்சிஏஏங்கற அமைப்பு நடத்துற டோர்னமென்ட்டே 1939ல எட்டு டீமோட தொடங்கி, 1985ல 64 ஆகி, இப்ப 68. இதெல்லாம் தெரியாம இவங்க காலத்துல இவ்ளோதான் அடிச்சாங்களான்னு கேட்டா அது அவங்களுக்கு பண்ற அநியாயம்.

இத வச்சு 1957 ஃபைனல படிச்சுப் பாருங்க. கன்சாஸ்ல அப்ப ஏழடி உசரமான வில்ட் சேம்பர்லின். அவரு பிலடெல்ஃபியாலேர்ந்து 1955ல வந்தாரு, மொத வருஷம் ஆட முடியாது, இருந்தாலும் ஜூனியர் பசங்க டீமுக்கும் மெயின் டீமுக்கும் ஒரு காட்சி மேட்ச் நடந்துது, அதுல 42 பாயின்ட் அடிச்சு சீனியருங்கள தோக்கடிச்சாரு. அவரு மெயின் டீமுக்கு வர்ற நேரத்துல ஆலனுக்கு 70 வயசு, யுனிவர்சிட்டி விதிப்படி ரிட்டயர் ஆகணும், வில்ட்ட தேடிக் கூட்டிட்டு வந்த மனுசன் அவர ஒரு நாள்கூட மெயின் டீம்ல ஆட வைக்க முடியல. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் மனசு கனக்குற எடம் இதுதான். டிக் ஹார்ப் கோச் ஆனாரு, வில்ட் மொத மேட்ச்லயே 52 பாயின்ட், 31 ரீபவுண்ட், அதாவது கூடைல விழாம திரும்புற பந்த புடிக்கிறது. ஃபைனல்ல எதிர்ல நார்த் கரோலினா, தொடக்க ஜம்ப்புக்கு வில்ட்டுக்கு எதிர்ல அவங்க கோச் ஃபிராங்க் மெக்குவயர் அனுப்பினது டாமி கெர்ன்ஸ்ங்கற ஆறடிக்கும் கம்மியான கார்ட. ஷாட் கிளாக் இல்ல, பந்த வச்சுக்கிட்டே நிக்கலாம், மூணு ஓவர்டைம் போச்சு, அதுல ரெண்டாவது ஓவர்டைம்ல ரெண்டு பக்கமும் ஒரு பாயின்ட் கூட வரல. கடைசில 54-53, கன்சாஸ் தோத்துது. அந்தப் பந்த வச்சுக்கிட்டு நிக்கிற ஆட்டத்த புரிஞ்சுக்காம இந்த ஸ்கோர புரிஞ்சுக்க முடியாது.

அதே வருஷத்த படிக்கிறப்ப கோர்ட்டுக்கு வெளிய நடந்ததயும் சேத்துப் படிங்க. யுனிவர்சிட்டி இருக்குற லாரன்ஸ் ஊர்ல கறுப்பின மக்கள ஓட்டல்ல உக்கார வச்சு சாப்பாடு போடாத காலம் அது. 1951-52ல லாவான்ஸ் ஸ்கொயர்ஸ் அந்த டீம்ல ஆடுன மொத கறுப்பின ப்ளேயர். வில்ட் வந்ததும் அந்த மாதிரி எடங்கள்ல போயி உக்காந்து சாப்ட்டுட்டுதான் எந்திரிப்பாரு, இத அவரே பின்னாடி சொல்லிருக்காரு. 57ல டல்லஸ்ல நடந்த மேட்ச்கள்ல கூட்டம் அவரையும் டீம்ல இருந்த இன்னொரு கறுப்பின ப்ளேயர் மாரிஸ் கிங்கயும் பேசுன பேச்ச படிச்சா இன்னைக்கும் கோவம் வருது. அந்த ஃபைனல் தோல்விய மனசுல வச்சுக்கிட்டு வில்ட் ரொம்ப வருஷம் அந்தப் பக்கம் அவ்வளவா போகல, 1998ல மரியாதைக்காக அவரு ஜெர்சிய அரங்கத்துல மாட்டி ரிட்டயர் பண்றப்ப காலேஜ் நாள்ல குடுத்த அந்த பழைய ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு வந்தாரு. அடுத்த வருஷம் எறந்துட்டாரு.

டைட்டில் எண்ணிக்கைல ஒரு எச்சரிக்க. என்சிஏஏ டைட்டில் நாலு, 1952, 1988, 2008, 2022. ஆனா அரங்கத்துல 1922, 1923ன்னும் பேனர் தொங்கும், அது டோர்னமென்ட் வர்றதுக்கு முன்னாடி காலம், ஹெல்ம்ஸ்னு ஒரு அமைப்பு பின்னாடி உக்காந்து சாம்பியன்னு அறிவிச்சது. ரெண்டயும் ஒண்ணா போட்டு ஆறுன்னு சொல்லாதீங்க. ரத்து ஆன வெற்றியும் உண்டு, 2017-18 சீசன்ல ஆடத் தகுதியில்லாத ஒரு ப்ளேயர ஆட வச்சதுக்காக 2023ல 15 வெற்றியும், அந்த சீசன்ல ஃபைனல் ஃபோர்ங்கற கடைசி நாலு டீம்ல ஒண்ணா வந்ததும் பதிவுலேர்ந்து நீக்கப்பட்டுது. 1988 டைட்டிலுக்கு அடுத்த வருஷம் ஆள் சேக்குற விதிய மீறுனதா டோர்னமென்ட்ல ஆடவே விடல. டீம் மேல பாசம் இருக்கறவங்க இத மறைக்கக் கூடாது, கூடவே எழுதி வைக்கணும்.

1988 சுருக்கமா போதும், 11 தோல்வியோட வந்த டீம், டேனி மேனிங் ஃபைனல்ல 31 பாயின்ட் 18 ரீபவுண்ட், ஓக்லஹோமா மேல 83-79. 2008 ஃபைனல மட்டும் முழுசா பாருங்க, ஹைலைட் வேணாம். ரெண்டே கால் நிமிஷம்கூட இல்லாதப்ப மெம்ஃபிஸ் ஒம்போது பாயின்ட் முன்னால. அங்கேர்ந்து பந்த விட்டுட்டு, ஃபவுலுக்குக் கெடைக்கிற ப்ரீ த்ரோவ போடுற கோட்ட பாருங்க, மெம்ஃபிஸ் கடைசில எடுத்த அஞ்சுல நாலு தவறிப் போகும், அதுல அவங்க ப்ளேயர் டெரிக் ரோஸ் 10.8 செகண்ட் இருக்கறப்ப ரெண்டுல ஒண்ணு போட்டு 63-60. கன்சாஸோட ஷெரான் காலின்ஸ் பந்தோட ஓடி வந்து, தடுமாறி, கிட்டத்தட்ட கீழ விழுற நெலமைல மாரியோ சால்மர்ஸ் கிட்ட தள்ளுவாரு. சால்மர்ஸ் பந்த வாங்குன ஒடனே எழும்பி, ரோஸ் நீட்டுன கைக்கு மேல விடுவாரு. 2.1 செகண்ட் இருக்கறப்ப 63-63. அந்த இடத்துல நிறுத்தி, காலின்ஸோட கால மட்டும் ரெண்டு தடவ பாருங்க, அவரு விழுந்திருந்தா இந்த பேனரே கெடையாது. ஓவர்டைம்ல 75-68. 2022 ஃபைனல்ல பாதில 40-25ன்னு பின்னால கெடந்து நார்த் கரோலினாவ 72-69ல ஜெயிச்சத அதுக்கு அப்புறம் பாருங்க, பேப்பர்ல போட்ட கோடு அங்க வந்து முட்டும், எதிர்ல நின்ன கோச் ஹூபர்ட் டேவிஸும் டீன் ஸ்மித் கிட்ட ஆடுனவர்தான்.

ராய் வில்லியம்ஸ் காலத்த தோல்வி வழியா படிங்கன்னு சொல்லுவேன், 15 சீசன், 1991லயும் 2003லயும் ஃபைனல் வந்து ரெண்டும் போச்சு, 1997ல ரெண்டே தோல்விதான், அந்த ரெண்டாவது டோர்னமென்ட்ல அரிசோனா கிட்ட வந்துது. அப்புறம் அவரு நார்த் கரோலினா போயி மூணு டைட்டில் எடுத்தாரு. அந்த வலி தெரிஞ்சாதான் 2008ல செமிஃபைனல்ல அவரோட டீம 84-66ல ஜெயிச்சப்ப லாரன்ஸ்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு புரியும்.

அமெரிக்கால இருக்கறவங்க நேர்ல போயிடுங்க. ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955ல தொறந்தது, பதினஞ்சாயிரம் பேருக்கு மேல உக்காரலாம், நெய்ஸ்மித் டிரைவ்ங்கற ரோட்டு மேல இருக்கு. ஒட்டுன மாதிரியே டிப்ரூஸ் சென்டர்ல நெய்ஸ்மித்தோட அசல் 13 ரூல், டைப் அடிச்ச ரெண்டே தாளு, கண்ணாடிக்குள்ள இருக்கு, 2010 ஏலத்துல டேவிட் பூத் 43 லட்சம் டாலருக்கு எடுத்து யுனிவர்சிட்டிக்கு கொண்டு வந்தாரு. மொதல்ல அந்த ரெண்டு தாள பாத்துட்டு அப்புறம் அரங்கத்துக்குள்ள போங்க.

இந்தியால இருக்கறவங்களுக்கு ஃபைனல்னா ஏப்ரல்ல செவ்வா கெழம காலைல ஆறு ஏழு மணி வாக்குல வரும், ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பாத்துடலாம். சாதாரண மேட்ச் பாக்குறப்ப சவுண்ட கொறைக்காதீங்க. கடைசில வெற்றி கைக்கு வந்துடுச்சுன்னா மேட்ச் முடியறதுக்கு முன்னாடியே மொத்த கூட்டமும் கைய தூக்கி, ராக் சாக், ஜேஹாக், கே யூன்னு ரொம்ப மெதுவா, கோயில்ல இழுத்துப் பாடுற மாதிரி பாடும். ஜேஹாக்ங்கறது டீமோட பட்டப்பேரு, கே யூன்னா கன்சாஸ் யுனிவர்சிட்டி, 1886ல ஒரு கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர் ஆரம்பிச்ச கோஷம் அது. அது கேட்டுட்டா ஸ்கோர் போர்ட பாக்க வேண்டியதில்ல.