கிரவுனுக்கு சிந்தெடிக் ஆயில்: எப்போது ஊற்றலாம், எப்போது வேண்டாம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இன்ஜின் ஆயிலுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட லாரி வைத்திருக்கும் நாம் கிரவுனுக்கு, அதாவது பின் ஆக்ஸிலில் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்துக்கு, காட்டுவதில்லை. சத்தம் வந்த பிறகுதான் அது இருக்கும் ஹவுசிங் (ஆக்ஸில் கூடு) ஞாபகம் வரும். அப்போது போய் விலை கூடின சிந்தெடிக்கை ஊற்றிப் பிரயோஜனம் இல்லை, தேய்ந்த பல்லை எந்த ஆயிலும் சரி செய்யாது.

முதலில் வண்டி என்ன வேலைக்குப் போகிறது என்று பாருங்கள். பண்ணாரியிலிருந்து லோடோடு திம்பம் ஏறும் வண்டி 27 கொண்டை ஊசி வளைவையும் சின்ன கியரிலேயே ஏறியாக வேண்டும். கிரவுன், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன், இரண்டின் பல்லிலும் இழுவை உச்சத்தில் இருக்கும், வண்டி மெதுவாகப் போவதால் ஹவுசிங்கில் காற்றும் சரியாகப் படாது, இந்தப் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் சூடு எகிறிவிடும். அந்தச் சூட்டைத் திரும்பத் திரும்ப வாங்கினால் சாதா ஆயில் சீக்கிரம் கெடும், சிந்தெடிக் அதிக நாள் தாங்கும். மலை ஏறும் வண்டிக்கும் நிற்காமல் வடக்கே ஓடும் லைன் வண்டிக்கும் தாராளமாக மாற்றலாம். கல்குவாரி டிப்பருக்கு நான் சொல்ல மாட்டேன். அங்கே ஆயிலைக் கெடுப்பது தண்ணீரும் தூசியும்தான், சாதா ஆயிலையே அடிக்கடி மாற்றுவது மேல்.

புது கிரவுன்-பினியன் செட் போட்டவுடன் ஊற்ற வேண்டாம். பல் படியும்போது வரும் இரும்புத் தூள் முதல் தடவை ஆயிலை வடிக்கும்போது வெளியே போகட்டும், அப்புறம் சிந்தெடிக். கம்பெனியே சிந்தெடிக் ஊற்றி அனுப்பிய வண்டி என்றால் வண்டியோடு வந்த புக்கில் சொன்னபடி செய்யுங்கள்.

மாற்றும்போது வண்டியைச் சமதளத்தில், ஓடி வந்த சூட்டோடு நிறுத்துங்கள். ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். கீழே ஆயிலை வடித்த பிறகு மேல் பிளக் இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். ட்ரெயின் பிளக் (ஆயிலை வடிக்கும் கீழ் பிளக்) காந்தத்தில் மைபோல் படிந்திருந்தால் பயமில்லை, பல் துண்டோ சில்லோ இருந்தால் ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும். ஆயில் பால் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ப்ரீதர் (ஹவுசிங்கின் காற்றுத் துளை) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் கசியும். கசியும் சீலை மாற்றாமல் சிந்தெடிக் ஊற்றுவது காசைத் தரையில் ஊற்றுவதுதான்.

ஆயிலின் கெட்டித்தன்மை 75டபிள்யூ-90-ஆ, 75டபிள்யூ-140-ஆ என்பதைக் கடைக்காரர் சொல்லி முடிவு செய்யாதீர்கள், புக்கில் இருப்பதை வாங்குங்கள். பெரும்பாலும் ஜிஎல்-5 தர ஆயில் கேட்டிருக்கும். மிச்சம் இருக்கிறதே என்று அதை கியர்பாக்ஸில் ஊற்றிவிட வேண்டாம், புக் அனுமதிக்காவிட்டால் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமன் செய்யும் சின்க்ரோவின் பித்தளை வளையத்தை அரிக்கலாம். இரண்டு டிரைவ் ஆக்ஸில் உள்ள வண்டியில் இரண்டு ஹவுசிங்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழைய ஆயில் முழுக்க வடியட்டும், கலந்தால் கொடுத்த காசுக்குப் பலன் குறையும். ஊற்றும் துளை விளிம்பு வரை வந்தால் போதும்.

முதல் லோடு போய் வந்ததும் பினியன் சீலையும் ஹப் பக்கத்தையும் தடவிப் பாருங்கள், ஆறிய பிறகு லெவலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.