சாமுராய்க் கவசம்: கோசானே வரிசை ஒன்றைச் செய்து பழகுவோம்

சாமுராய்க் கவசம் என்றதும் இரும்புதான் நினைவுக்கு வரும். ஆனால் ஓ-யோரோயி என்ற பழைய ஜப்பானியப் பெருங்கவசத்தில் பெரும்பகுதி பதனிடாத மாட்டுத்தோல். மார்பு போன்ற முக்கியமான இடங்களில்தான் இரும்புச் சில்லுகளை இடையிடையே கலப்பார்கள். எல்லாமே இரும்பானால் எடை தாங்காது. தோலோ இரும்போ, இந்தச் சில்லுக்குக் கோசானே என்று பெயர். இருபது கோசானே கொண்ட ஒரு வரிசையை இங்கே செய்யலாம்.

முதலில் தோல். 3 மி.மீ. தடிமனுள்ள பச்சைத்தோலை ஊறவைத்து, சுத்தியால் தட்டி இறுக்கி, பலகையில் ஆணியடித்து முழுவதும் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே வெட்டினால் காயக் காயச் சுருங்கி, துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். காய்ந்த தோலிலிருந்து 6 செ.மீ. உயரம், 2 செ.மீ. அகலத்தில் இருபது சில்லுகளும், 1 செ.மீ. அகலத்தில் இரண்டு அரைச் சில்லுகளும் வெட்டுங்கள். தலைப்பகுதியைச் சாய்வாகச் சீவுங்கள்.

ஒவ்வொரு முழுச் சில்லிலும் இரண்டு நிரைகளில் ஏழேழாகப் பதினான்கு துளைகள். அரைச் சில்லில் ஒரே நிரை. தகரத்தில் ஓர் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு அதன்படியே எல்லாவற்றிலும் துளையிடுங்கள். மேலிருந்து மூன்று ஜோடிகள் பட்டு நாடாவுக்கு; அவை 4 மி.மீ. விட்டம் இருக்கட்டும். கீழே உள்ள நான்கு ஜோடிகள் சில்லுகளைச் சேர்த்துக் கட்டும் தோல்வாருக்கு; அவற்றுக்கு 3 மி.மீ. விட்டம் போதும்.

ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக உருஷி என்ற ஜப்பானிய அரக்குப் பூச்சைப் பூசிக் காயவைத்த பிறகுதான் கோக்க வேண்டும். ஒவ்வொன்றும் பக்கத்துச் சில்லின் பாதியை மூடும்படி அடுக்குங்கள். இப்படி எந்த இடத்திலும் இரண்டு அடுக்கு தோல் இருக்கும். கவசத்தின் பலமே இதில்தான். இரு ஓரங்களிலும் ஒற்றை அடுக்காக நிற்கும் இடத்தில் அரைச் சில்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்த அகலம் 21 செ.மீ. வரும். கீழ்த்துளைகளில் தோல்வாரைத் தளர்வாகக் கட்டினால் வரிசை விசிறிபோல ஆடும், மேலே பூசுவதெல்லாம் வெடிக்கும்.

கட்டிய வரிசை மீது மறுபடி உருஷி. இது நம்மூர்ப் பூச்சி அரக்கு அல்ல, மரத்தின் பால். சேங்கொட்டையும் இந்த மரமும் ஒரே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்புளிப்பதுபோல இதுவும் செய்யும். கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது காயவைப்பதில். உருஷி வெயிலில் காயாது. அதிலுள்ள நொதி வேலை செய்து இறுக, காற்றில் ஈரம் வேண்டும். மரப்பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு, 20 முதல் 25 டிகிரி செல்சியஸ், 75 முதல் 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்திருங்கள். தடிமனாகப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகி, அடியில் பால் பச்சையாகவே நின்று, பாலாடைபோல் சுருக்கம் விழும். விழுந்துவிட்டால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்ததும் நீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி பூசுங்கள். ஒவ்வொரு பூச்சு இறுகுமுன்னும் துளைகளை மூங்கில் குச்சியால் திறந்துவிடுங்கள். அடைத்துக் காய்ந்தபின் குடைந்தால் ஓரம் பெயரும்.

இதேபோல இரண்டாவது வரிசை தயாரானதும் நாடா கோக்கலாம். மேல் வரிசையின் மூன்றாம் ஜோடித் துளைகளையும் கீழ் வரிசையின் முதல் இரண்டு ஜோடித் துளைகளையும் தட்டையாகப் பின்னிய பட்டு நாடா இணைக்கும். சாயத்தில் கவனம் வேண்டும். தோக்கியோவின் முசாஷி மிதாகே கோயிலில் உள்ள செந்நாடாக் கவசத்தில், மஞ்சிட்டிக்கு உறவான அகானே வேரில் தோய்த்த ஹெய்யான் காலத்து (794–1185) நாடா இன்னும் சிவந்திருக்கிறது. மெய்ஜி காலத்தில் (1868–1912) பழுதுபார்த்தபோது சேர்த்த ரசாயனச் சாய நாடாதான் வெளுத்துப் போயிற்று.

வரிசைகளுக்கிடையே ஒரே அளவு மரத்துண்டை வைத்து நாடாவை இழுங்கள். கண் அளவில் இழுத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், எடை முழுவதும் இரண்டு மூன்று நாடாக்களில் விழும், அவைதான் முதலில் அறும்.