கப்பலேறிய மூதாதையின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

மொரீஷியஸுக்கோ, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கோ, ஃபிஜிக்கோ ஒப்பந்தக் கூலியாகப் போனவரின் சொந்த ஊரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பெயரைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். அங்கேயே பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரே கப்பலில் இரண்டு மூன்று முனுசாமிகள் இருப்பது சாதாரணம். ஆனால் கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள்; அந்த எண் இன்னொருவருக்குக் கிடையாது. தேடவேண்டியது அந்த எண்ணைத்தான். ஊர் அதன் பின்னால் வரும்.

எண் எங்கே கிடைக்கும்

இன்றிலிருந்து பின்னோக்கிப் போகவேண்டும். உங்கள் பெற்றோர், அவர்களின் பெற்றோர் என ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றின் சான்றையும் எடுங்கள். சுருக்கச் சான்று போதாது. பதிவேட்டின் முழுப் பக்க நகலைக் கேளுங்கள், ஏனென்றால் எண் பெரும்பாலும் ஓரக் குறிப்பிலோ பெற்றோர் பெயருக்கு அருகிலோதான் இருக்கும், சுருக்கச் சான்றில் அது விட்டுப்போகும். கப்பலேறியவரின் இறப்புப் பதிவும், அவருடைய முதல் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும்தான் அதிகம் உதவுபவை. கடைக்குட்டி பிறப்பதற்குள் ஒப்பந்தம் முடிந்து, எண் எழுதும் வழக்கம் நின்றிருக்கலாம்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆண்டை எழுதி வைத்துக்கொண்டு, கப்பல் வரலாற்றோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1866-இல் ஆள் எடுப்பது நின்றது, 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது, 1911-இல் முடிந்தது. ஆகவே "தாத்தா 1870-இல் வந்தார்" என்றால் ஆண்டு தவறு, அல்லது அவர் ஒப்பந்தத்தில் வரவில்லை. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை கப்பல் போனது. ஆனால் சென்னையிலிருந்து போகத் தொடங்கியது 1903-இல்தான்.

எண்ணிலிருந்து பட்டியலுக்கு

மொரீஷியஸ் குடியேறிகளின் பதிவேடுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவர் என்றால் புகைப்படமே கிடைக்க வாய்ப்புண்டு. நேட்டாலின் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 1,52,000 பேரின் விவரம் இருக்கிறது. கணினித் தரவாகவும் அவை கிடைக்கின்றன. ஃபிஜிக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி எமிக்ரேஷன் பாஸ் (குடியேற்றச் சீட்டு) உண்டு, மூலம் சுவா நகரின் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர், உயரம், உடல் தழும்பு என எல்லாம் ஒரே தாளில் இருப்பதால் ஃபிஜி வழித்தோன்றல்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ரியூனியன் பிரெஞ்சுத் தீவு, முறையும் பிரெஞ்சு முறை. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860-இன் ஒப்பந்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 1882-இல் பிரிட்டிஷ் அரசு அதை நிறுத்தியது. ரியூனியனின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே புரட்டலாம். பாண்டிச்சேரிப் பதிவேடுகளும் அங்கே உண்டு.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கு முதலில் ஓடவேண்டாம். குடியேற்றம் பற்றிய அரசாணைகளும் கடிதங்களும் அங்கே ஏராளம். ஆனால் உங்களுக்கு வேண்டிய பெயர்வாரிப் பதிவு கப்பலோடு போய் இறங்கிய நாட்டில்தான் இருக்கிறது.

பட்டியலில் உங்கள் ஆள் கிடைத்ததும் அவருக்கு மேலே பத்து, கீழே பத்து எண்களையும் நகலெடுங்கள். கணவன் மனைவி, அண்ணன் தம்பி, ஒரே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வரிசையாகப் பதிந்திருப்பார்கள். உங்கள் ஆளின் ஊர் கிறுக்கலாக இருந்தால் பக்கத்து வரியில் அதே ஊர் தெளிவாக இருக்கக்கூடும்.

பட்டியலை வாசிப்பது

தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

பட்டியலில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவே. இன்று உங்கள் குடும்பம் வைத்திருக்கும் குடும்பப் பெயர் பல சமயம் கப்பலேறியவரின் சொந்தப் பெயர், அல்லது அவர் அப்பாவின் பெயர். அதைக் கொண்டு தமிழ்நாட்டில் "இந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது" என்று கேட்டுத் திரிவதில் பயனில்லை. கோவெண்டர், மூட்லி, படையாச்சி போன்றவை கவுண்டர், முதலி, படையாட்சி என்பவற்றின் நேட்டால் வடிவங்கள். அவையும் சில குடும்பங்களில் பின்னால் ஏற்றுக்கொண்டவை. பட்டியலின் சாதிக் கட்டத்தில் வேறொன்று எழுதியிருந்தால் அதிர வேண்டாம், பட்டியலே பழையது. அந்தக் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று மட்டும் இருப்பதும் உண்டு. அது நல்ல செய்தி, பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு வழி திறக்கிறது.

எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். தேடும்போது சகரத்தில் தொடங்கும் பெயரை ஆங்கில 'எஸ்', 'சி-எச்' இரண்டிலும் போடுங்கள்; வகரத்தை 'வி', 'டபிள்யூ' இரண்டிலும்; ழகரத்தை 'எல்', 'இசட்' இரண்டிலும். பிரெஞ்சுக் கையில் உகரம் 'ஓ-யூ' ஆகிவிடும், முத்து 'எம்-ஓ-யூ-டி-ஓ-யூ' என்று நிற்பார். 'அப்பன்' என்று முடியும் பெயர்கள் 'அப்பென்', 'அப்பின்' ஆகியிருக்கும்.

'மலபார்' என்ற சொல்லைப் பார்த்துக் கேரளத்துக்கு வண்டி ஏறியவர்கள் உண்டு. ரியூனியனிலும் மொரீஷியஸிலும் பழைய ஆவணங்களில் அது பெரும்பாலும் தமிழரைக் குறிக்கும். 'ஜெண்டூ' என்றிருந்தால் தெலுங்கர்.

மாவட்டப் பெயரை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடக்கூடாது. வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதிகள்; 1911 வரை சித்தூரும் அதில் சேர்ந்திருந்தது, ஆகவே அது ஆந்திரக் கிராமமாகவும் இருக்கலாம். தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. ராமநாதபுரம் 1910-இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் போனவருக்கு மதுரை என்றோ திருநெல்வேலி என்றோ எழுதியிருக்கும். கரூர் 1910 வரை கோயம்புத்தூரில் இருந்தது. புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம்.

'தாணா' (காவல் நிலைய எல்லை) என்ற கட்டம் வடநாட்டு முறைக்காக அச்சடித்தது. சென்னைக் கப்பல்களில் அதில் பெரும்பாலும் தாலுகா பெயரைத்தான் எழுதினார்கள். அந்தத் தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதூர், நல்லூர், புதுப்பட்டி என்று எழுதியிருந்தால் தமிழ்நாடு முழுக்கப் பல நிற்கும். தாலுகாவுக்குள் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். 1951, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் தாலுகாவாரியாகக் கிராமப் பட்டியல் உண்டு. அதை முதல் எழுத்து வாரியாக அல்லாமல் முழுவதும் வாசித்து, ஓசை பொருந்துவதைக் குறியுங்கள்.

வயதை நம்பவேண்டாம். 20, 25, 30 என்று குத்துமதிப்பாகப் போட்டவை அவை. ஐந்தாண்டு முன்பின் இடம் கொடுங்கள். ஊரைவிட்டு ஓடிவந்தவர் தகப்பன் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கவும் கூடும். எண் கிடைக்காமல் பெயரை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் தகப்பன் பெயர், வந்த ஆண்டு, வேலை செய்த தோட்டம், மனைவி பெயர் இவற்றில் குறைந்தது மூன்று பொருந்தவேண்டும். இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலால் எழுதி வைத்து மேலே தேடுங்கள்.

கங்காணியோடு போனவர்கள்

மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஊர் எழுதிய தனிப் பதிவு கிடையாது. மலேயாவில் ஒப்பந்தமுறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறையில் ஆள் எடுப்பது 1938-இல் நின்றது. இங்கே எண் இல்லை, ஆனால் கங்காணி இருக்கிறார். அவர் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உறவு முறையிலுமே ஆள் சேர்த்தார். ஆகவே தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருந்த மற்றக் குடும்பங்களைத் தேடுங்கள். அவர்களில் ஒரு குடும்பத்துக்கு ஊர் தெரிந்திருந்தால் உங்கள் ஊர் அதிலிருந்து சில மைல்களுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டத்தின் பெயர் பிறப்புச் சான்றில் இருக்கும்.

வாய்மொழியில் வரும் சின்னத் தகவல்கள் ஆண்டைச் சொல்லிவிடும். மலேயாவுக்கு 'ரஜூலா' கப்பலில் வந்தார் என்றால் 1926-க்கு முன் இல்லை, கப்பலே அந்த ஆண்டுதான் கட்டப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் போனார் என்றால் 1914-க்குப் பின். மன்னாரிலிருந்து காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள் என்பது அதற்கும் முந்திய தலைமுறைக் கதை.

இலங்கையின் மலையகக் குடும்பங்களுக்கு 1949-இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த விண்ணப்பம் நல்ல ஆதாரம். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படித் திரும்பியவர்களின் கடவுச்சீட்டிலும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையிலும் பூர்வீக ஊர் எழுதியிருக்கிறதா பாருங்கள். உங்கள் நேரடி வரிசையில் யாரும் திரும்பாவிட்டாலும் பாட்டியின் தங்கை குடும்பம் திரும்பியிருக்கலாம். அவர்கள் அட்டையும் அதே ஊரைத்தான் சொல்லும்.

டி.என்.ஏ. சோதனை

ஊரைச் சொல்லாது. 'தென்னிந்தியா' என்ற விழுக்காடு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்கிறது. பயன் உறவினர் பட்டியலில் இருக்கிறது, அதிலும் ஒரு சிக்கல்: அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று தலைமுறைக்குத் தலைமுறை மணம் முடித்த குடும்பங்களில் பொதுவான பகுதி கூடிப்போய், தூரத்து உறவு நெருங்கியதாகக் காட்டப்படும். சோதனை நிறுவனம் 'இரண்டாம் தாயாதி' (செகண்ட் கசின்) என்று சொன்னால் மூன்றாம், நான்காம் சுற்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எள்ளுப்பாட்டனின் அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாக 32-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 3 விழுக்காடு. ஆகவே வீட்டில் மூத்தவர் இருந்தால் முதலில் அவருக்குச் சோதனை செய்யுங்கள்.

ஊருக்குப் போனபின்

1970-க்கு முந்திய பிறப்புப் பதிவு ஊருக்கு ஊர் மாறும், இருந்தால் அதிர்ஷ்டம். கப்பலேறியவர் பெயரில் நிலம் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. அண்ணன் தம்பி பெயரைப் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டில் தேடலாம், கிராம நிர்வாக அலுவலர் எங்கே இருக்கிறதென்று சொல்வார்.

காகிதத்தைவிடக் குலதெய்வம் உறுதியான பிடி. வெறும் மாரியம்மன், முனீஸ்வரன் என்றால் பயனில்லை. ஆனால் குடும்பத்தில் வழிவழியாக வந்த தெய்வப் பெயர் அடைமொழியோடோ ஊரோடோ இருந்தால், அல்லது ஏழெட்டுப் பரிவாரத் தெய்வங்களின் வரிசை நினைவில் இருந்தால், ஒரே ஒரு கோயிலோடு அது பொருந்தக்கூடும். பங்காளிகள் எல்லோரும் கூடும் நாளில் போவதே புத்திசாலித்தனம்: மதுரை, ராமநாதபுரப் பக்கம் மாசி சிவராத்திரி, நெல்லைப் பக்கம் சாஸ்தா கோயில்களில் பங்குனி உத்திரம். கோயில் வரி வசூல் நோட்டில் பங்காளிக் குடும்பங்களின் பெயர் இருக்கும், பூசாரியிடமோ நாட்டாமையிடமோ கேட்டுப் பார்க்கலாம்.

போனதும் முதல் பேச்சிலேயே, நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து கொள்ளுத்தாத்தா பெயரையும் பட்டாவையும் ஒரே மூச்சில் கேட்பவரிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பாஸின் நகலைக் காட்டுங்கள், பட்டா பேச்சை இரண்டாம் முறை வரும்போது வைத்துக்கொள்ளலாம். "ஆமாம், எங்கள் தாத்தாவின் அண்ணன் ஒருவர் காணாமல் போனார்" என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாமல், காணாமல் போனவரின் அப்பா பெயரை அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் அந்தச் சாட்சியம் பயனற்றுப்போகும். ஆகவே நகலைக் காட்டும்போதும் தகப்பன் பெயர் உள்ள வரியைக் கடைசியாகக் காட்டுங்கள்.