வீட்டில் செய்யும் சிஎன்சிக்கு எந்தக் கண்ட்ரோலர் போர்டு?

முதல் சிஎன்சியை, அதாவது கணினி சொல்படி தானாக வெட்டும் இயந்திரத்தை, செய்ய உட்காருகிற பலர் முதலில் வாங்குவது கண்ட்ரோலர் போர்டைத்தான். விலை குறைவு, பார்சல் வந்ததும் வேலை தொடங்கிவிட்ட திருப்தி வேறு. நானும் அப்படித்தான் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து மோட்டார்கள் வந்தபோது, அவை கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க அந்தப் போர்டுக்குத் தெம்பு இல்லை என்று தெரிந்தது. அதனால் என் வரிசை இதுதான்: முதலில் மோட்டார், அப்புறம் டிரைவர், கடைசியில் போர்டு.

எடுத்துக்காட்டுக்கு 30 செ.மீ. × 40 செ.மீ. வேலைப்பரப்புள்ள, பிளைவுட்டும் அக்ரிலிக்கும் சுழலும் பிட்டால் வெட்டுகிற ஒரு சின்ன சிஎன்சி ரூட்டரை வைத்துக்கொள்வோம்.

படி 1: மூளையும் தசையும் வேறு வேறு

கணினியிலிருந்து வரும் ஜி-கோடை (இயந்திரத்துக்கான கட்டளை வரிகளை) படித்து, எந்த மோட்டார் எப்போது எத்தனை அடி (ஸ்டெப்) நகர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதைத் துடிப்புகளாக அனுப்புவது கண்ட்ரோலர். அந்தத் துடிப்பை வாங்கி, மோட்டாரின் சுருள்களுக்கு ஆம்பியர் கணக்கில் மின்னோட்டத்தைக் கொடுப்பது டிரைவர். சில போர்டுகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், சிலவற்றில் டிரைவரை மேலே செருக வேண்டும், இன்னும் சிலவற்றில் டிரைவர் தனிப் பெட்டியாக வெளியே நிற்கும். கடைக்காரர் ‘சிஎன்சி போர்டு’ என்று எதைக் காட்டினாலும், இந்த மூன்றில் எது என்று கேட்டுவிடுங்கள்.

படி 2: மோட்டாரின் லேபிளைப் படியுங்கள்

நீமா 17, நீமா 23 என்பவை முகப்பின் அளவு மட்டுமே: 1.7 அங்குலம், 2.3 அங்குலம். நமக்கு வேண்டியது ஒரு ஃபேஸுக்கு (மோட்டாரின் ஒரு சுருள் தொகுதிக்கு) எத்தனை ஆம்பியர் என்பது. நீமா 17 மோட்டார்களில் பரவலாகக் கிடைப்பவை 1.5 முதல் 1.7 ஆம்பியர் வரை. நீமா 23 என்றால் 2.8 ஆம்பியர் சாதாரணம்.

ஏ4988 என்ற சின்ன டிரைவர் 2 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருக்கும். ஹீட்சிங்க்கும் விசிறியும் இல்லாமல் அது நிம்மதியாகத் தருவது சுமார் 1 ஆம்பியர். டிஆர்வி8825 அதே நிலையில் 1.5 ஆம்பியர் வரை தரும். நீமா 17-க்கு இவை போதும். நீமா 23 என்றால் இவற்றை மறந்துவிட்டு, டிஎம்542 போன்ற வெளி டிரைவருக்குப் போய்விடுங்கள். அது 20 முதல் 50 வோல்ட் வரையிலும், உச்சத்தில் 4.2 ஆம்பியர் வரையிலும் வேலை செய்யும். டிபி6600 என்று விற்கப்படுவதும் ஓடும்தான்; 4 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தாலும் 3-க்கு மேல் நான் அதை நம்புவதில்லை.

நம் 30 × 40 ரூட்டருக்கு நீமா 17 தாராளம். பின்னாளில் பெரிய இயந்திரம் செய்யும் ஆசை இருந்தால், இப்போதே வெளி டிரைவர் வாங்குங்கள். போர்டை மாற்றினாலும் அவை கூடவே வரும்.

படி 3: துடிப்புக் கணக்கு

இந்தக் கணக்கைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி.

சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். ஒவ்வொரு அடியையும் டிரைவர் எட்டாகப் பிரித்தால் (மைக்ரோஸ்டெப் 8) 1600. அச்சை நகர்த்தும் திருகுத் தண்டான டி8 லீட் ஸ்க்ரூவில் பரவலாகக் கிடைக்கும் வகை ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும். 1600-ஐ 8-ஆல் வகுத்தால் ஒரு மி.மீட்டருக்கு 200 துடிப்பு. நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகம் வேண்டும் என்றால் நொடிக்கு 50 மி.மீ., அதாவது நொடிக்கு 10,000 துடிப்பு.

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோலர் நிரல் நொடிக்குச் சுமார் 30,000 துடிப்பு வரை தரும். ஆகவே நம் இயந்திரத்துக்கு அந்த எளிய போர்டே போதும்.

இப்போது அதே இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மட்டும் நகர்த்தும் ஸ்க்ரூவை மாட்டி, மைக்ரோஸ்டெப்பை 16 ஆக்கிப் பாருங்கள். ஒரு மி.மீட்டருக்கு 1600 துடிப்பு. அதே வேகத்துக்கு நொடிக்கு 80,000. ஊனோவால் முடியாது. உடனே வேகமான போர்டு தேட வேண்டாம், கொஞ்சம் நில்லுங்கள். அந்த வேகத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்ற வேண்டும்; அங்கே ஸ்டெப்பரின் இழுவிசை வெகுவாக விழுந்துவிடும். இங்கே மாற்ற வேண்டியது ஸ்க்ரூவை.

படி 4: போர்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் இயந்திரம், மூன்று அச்சு, நீமா 17 என்றால் ஆர்டுயினோ ஊனோவும் அதன் மேல் டிரைவர்களைச் செருகும் சிஎன்சி ஷீல்டு வி3 போர்டும் போதும். சென்னை ரிச்சி தெருவில் ஆகட்டும், ஆன்லைனில் ஆகட்டும், எளிதாகக் கிடைக்கும். கெட்டுப்போனால் ஒரு டிரைவரை மட்டும் பிடுங்கி மாற்றலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய வசதி. ஒரு எச்சரிக்கை: ஊனோ ஆர்4 வாங்கிவிடாதீர்கள். அதில் சிப் வேறு. ஏடிமெகா328பி-க்காக எழுதிய வழக்கமான ஜிஆர்பிஎல் அதில் ஏறாது. ஆர்3 என்று கேட்டு வாங்குங்கள்.

ஒய் அச்சுக்கு இரண்டு பக்கமும் மோட்டார் வைத்து, ஹோமிங் (இயந்திரம் தன் தொடக்கப் புள்ளியைத் தேடுவது) செய்யும்போது இரண்டும் தானாகச் சதுரமாக வேண்டும் என்றாலோ, வைஃபை வழியாக ஓட்ட வேண்டும் என்றாலோ, ஈஎஸ்பி32 போர்டில் ஃபுளூயிட்என்சி என்ற நிரலைப் போடுங்கள். எந்தப் பின்னில் எது என்பதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதினால் போதும், நிரலைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஈஎஸ்பி32 பேசுவது 3.3 வோல்ட்டில். வெளி டிரைவர்கள் பெரும்பாலும் 5 வோல்ட் எதிர்பார்க்கும். இடையில் அந்த வோல்ட்டை உயர்த்தித் தரும் பஃபர் உள்ள போர்டாகப் பார்த்து எடுங்கள்.

மலிவாகத் தெரியும் ‘ஐந்து அச்சு பிரேக்அவுட் போர்டு’ வலையில் விழாதீர்கள். அதில் மூளை இல்லை. பழைய கணினியின் பிரிண்டர் போர்ட்டிலிருந்து மாக்3 அல்லது லினக்ஸ்சிஎன்சி என்ற கணினி நிரல் அனுப்பும் துடிப்பைக் கடத்துவது மட்டுமே அதன் வேலை. அதிலுள்ள யுஎஸ்பி வாய் 5 வோல்ட் மின்சாரத்துக்காக. லேப்டாப்பைச் சொருகினால் ஒன்றும் நடக்காது. மாக்3-இன் பிரிண்டர் போர்ட் டிரைவர் மென்பொருளும் 64-பிட் விண்டோஸில் ஓடாது.

படி 5: ஷீல்டை இணைக்கும்போது

டிரைவரைச் செருகும் முன் அதன் ‘எனேபிள்’ பின்னையும் ஷீல்டில் அச்சிட்டிருப்பதையும் ஒத்துப் பாருங்கள். ஏ4988-இல் மின்னோட்டத்தைச் சரிசெய்யும் சின்னத் திருகு இருக்கும் பக்கமும் டிஆர்வி8825-இல் இருக்கும் பக்கமும் எதிரெதிர்; திருகைப் பார்த்துச் செருகினால் டிரைவர் எரியும். பவர் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவே கழற்றாதீர்கள். நான் ஒரு டிரைவரை இழந்தது அந்த ஒரு நொடியில்.

அடுத்து மின்னோட்டம். ஏ4988-இன் மேல் உள்ள சின்ன ரெசிஸ்டர்கள் 0.1 ஓம் என்றால், 1 ஆம்பியருக்கு மல்டிமீட்டரில் 0.8 வோல்ட் வரும்படி திருகைத் திருப்புங்கள். டிஆர்வி8825 என்றால் 0.5 வோல்ட்.

அச்சு தன் எல்லையைத் தொட்டதைச் சொல்லும் லிமிட் ஸ்விட்சுகளில், இசட் அச்சுக்கானதில் பலர் குழம்புவார்கள். ஷீல்டில் அச்சிட்டிருப்பது பழைய ஜிஆர்பிஎல்-க்கானது. 1.1 பதிப்பில் இசட் லிமிட் 12-ஆம் பின்னுக்கும், ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வேகம் 11-ஆம் பின்னுக்கும் இடம் மாறிவிட்டன. ஆகவே இசட் ஸ்விட்சை ‘ஸ்பிண்டில் எனேபிள்’ என்று எழுதிய இடத்தில் இணைக்க வேண்டும்.

லிமிட் ஸ்விட்சுகளை ‘நார்மலி குளோஸ்டு’ (தொடாதபோது சுற்று மூடியிருக்கும்) முறையில் இணைத்து, ஜிஆர்பிஎல் அமைப்பில் $5=1 என்று கொடுங்கள். ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். ஸ்பிண்டில் ஓடும்போது யாரும் தொடாமலே ‘ஹார்டு லிமிட்’ என்று நின்றால் அது பெரும்பாலும் மின் இரைச்சல். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், உலோக வலை சுற்றிய ஷீல்டு ஒயரும் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒயரின் அந்த வலையை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டு செய்யுங்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனைப் போர்டின் பின்னோடு விட்டுவிடாதீர்கள். அழுத்தினால் மோட்டார் சப்ளையும் ஸ்பிண்டிலும் மின்சாரம் இழக்க வேண்டும்.

படி 6: முதல் ஓட்டம்

ஸ்பிண்டிலில் பிட் மாட்டாமல், ஒரு பேனாவைக் கட்டி, கீழே காகிதம் ஒட்டுங்கள். எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு ஒரு மி.மீட்டருக்கு எத்தனை துடிப்பு என்று சொல்லும் $100, $101 இரண்டிலும் 200 என்று கொடுங்கள். இசட்டுக்கும் அதே ஸ்க்ரூ என்றால் $102-இலும் அதேதான். எக்ஸ் அச்சை 100 மி.மீ. நகர்த்தி, கோட்டை ஸ்கேலால் அளங்கள். 100 வந்தால் சரி. 50 வந்தால் மைக்ரோஸ்டெப் 16-இல் இருக்கிறது: டிரைவரின் அடியில் எம்0, எம்1 ஜம்பர்கள் மட்டும் இருக்க வேண்டும், எம்2 கூடாது. பவரை நிறுத்திவிட்டு, டிரைவரைக் கழற்றி, அந்த ஜம்பரை எடுத்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.