சாவி யாரிடம் இருக்கிறது? புது காரில் ஜொகூர் போகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சனிக்கிழமை காலை, தங்கையும் அவள் கணவரும் புது காரில் சிங்கப்பூர் எல்லையோரத்து உட்லண்ட்ஸ் வரை வந்தார்கள். அவருக்கு அங்கேதான் வேலை. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே இறங்கிக்கொண்டார். தங்கை ஓட்டுநர் இருக்கைக்கு மாறி, பின்னால் அம்மாவும் பிள்ளையும் இருக்க, ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினாள். சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடி, கடற்பாலம், மலேசியக் குடிநுழைவு எல்லாம் தாண்டியாயிற்று. கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் பொத்தானை அழுத்தி என்ஜினை அணைத்தாள். இறங்கிக் கதவைப் பூட்டப் பார்த்தால் பூட்டவில்லை. “அண்ணா, வண்டி பூட்டவும் மாட்டேங்குது, ஸ்டார்ட்டும் ஆக மாட்டேங்குது” என்று எனக்குத்தான் முதலில் போன் வந்தது. சாவி அவள் கணவரின் கால்சட்டைப் பையில், எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் பாதி நாள் விடுப்பு எடுத்து, பேருந்து ஏறி, இரண்டு குடிநுழைவிலும் வரிசையில் நின்று சாவியைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை, எழுபது வயது அம்மா அந்தப் புழுக்கத்தில் காத்திருந்தார்.

பொத்தான் ஸ்டார்ட் கார் புதிதாக வாங்கியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: வண்டி ஓடுகிறது என்றால் சாவி உள்ளே இருக்கிறது என்று நினைப்பது. பழைய காரில் அது உண்மை. சாவியைத் திருகாமல் வண்டி கிளம்பாது, உருவினால் நின்றுவிடும். இந்தக் காரில் பொத்தானை அழுத்தும்போது கார் மெல்லிய ரேடியோ அலையில் சாவியைக் கூப்பிடுகிறது, சாவி பதில் சொன்னதும் என்ஜின் கிளம்புகிறது. அதன்பின் சாவி வெளியே போனாலும் என்ஜின் நிற்காது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். விரைவுச்சாலையில் போகும்போது சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டால், அதற்காக என்ஜின் அணைந்தால் உயிருக்கே ஆபத்து அல்லவா? அதனால் கார் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். பீப் பீப் என்று கத்தும், திரையில் சாவி இல்லை என்று காட்டும். தங்கைக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. பிள்ளை சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டான் என்று நினைத்திருக்கிறாள்.

ஆகவே ஓட்டுநர் மாறும்போது என்ஜினை ஒருமுறை அணைத்துவிட்டு, புதிதாக உட்கார்ந்தவர் தன் கையால் திரும்பக் கிளப்ப வேண்டும். பத்து விநாடி வேலை. கடப்பிதழ்களை எண்ணும்போது சாவியையும் சேர்த்து எண்ணிவிடுங்கள்.

சரி, பாலத்தின் நடுவில்தான் தெரிகிறது, என்ன செய்வது? என்ஜினை அணைக்காதீர்கள். பாலத்தில் வண்டியைத் திருப்ப வழியில்லை. அந்தப் பக்கம் போய், என்ஜின் ஓடியபடியே திரும்பி வந்துவிடலாம். சோதனைச்சாவடியில் அதிகாரி என்ஜினை அணைக்கச் சொன்னால், சாவி வண்டியில் இல்லை என்பதை அணைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நிற்கும்போது தானாக அணைந்து, பிரேக்கை விட்டதும் தானாகக் கிளம்பும் வசதி உங்கள் காரில் இருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். சில கார்களில் அப்படி அணைந்திருக்கும் நேரத்தில் ஓட்டுநர் கதவைத் திறந்தாலோ பெல்ட்டைக் கழற்றினாலோ, மறுபடி பொத்தானை அழுத்தித்தான் கிளப்ப வேண்டும். அப்போது கார் சாவியைக் கேட்கும்.

இரண்டாவது தவறு நெரிசலில் நடப்பது. கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் அதைக் கடக்க மூன்று மணி நேரம்கூட ஆகும். பெட்ரோலை மிச்சம்பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தி, பாட்டும் திரையும் மட்டும் ஓட விடுகிறார்கள். அந்த நேரம் முழுக்கச் செலவாவது பேட்டரி. இதைவிடக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பல கார்களில் கியர் பி-யில் (பார்க், அதாவது நிறுத்தும் நிலையில்) இல்லாமல் பொத்தானை அழுத்தினால் என்ஜின் நிற்கும், ஆனால் வண்டி முழுதாக அணையாது. பாதி விழிப்பில் இருந்து பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். முதலில் பி, அப்புறம் பொத்தான் என்று கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஹைபிரிட் கார் என்றால் சத்தத்தை நம்பக் கூடாது. என்ஜின் அமைதியாக இருந்தாலும் ‘ரெடி’ விளக்கு எரிந்தால் வண்டி ஓடத் தயாராக இருக்கிறது என்றே பொருள்.

பெட்ரோல் விஷயத்தில் புது கார்க்காரர்கள் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் பதிவான வண்டி நாட்டைவிட்டுப் போகும்போது டாங்கியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். 1989இல் அரை டாங்கி என்று தொடங்கிய விதி, 1991இல் முக்கால் ஆயிற்று. குறைவாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமும் உண்டு. விற்பனையாளர் புது காரைக் கையில் கொடுக்கும்போது டாங்கியில் கொஞ்சம்தான் இருக்கும். அந்த மகிழ்ச்சியில் நேரே ஜொகூருக்கு விடுகிறவர்கள் உண்டு. அதிகாரி பெட்ரோல் அளவைப் பார்க்கக் கேட்கும் நேரத்தில் எதை அழுத்தினால் திரை வரும் என்று தேடிக்கொண்டிருக்கவும் கூடாது. பின்பெட்டியைத் திறப்பது, கண்ணாடிகளை இறக்குவது, அளவுமானியை எழுப்புவது, மூன்றையும் வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த முக்கால் டாங்கிக் கவலை இல்லை.

மலேசியப் பக்கத்தில் விஇபி என்னும் வாகன நுழைவு அனுமதி வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். பழைய காரின் பதிவெண்ணையே புது காருக்கு மாற்றிக்கொண்டவர்கள், எண் ஒன்றுதானே என்று இருந்துவிடுகிறார்கள். விஇபி வில்லை ஒட்டியிருந்தது அந்தப் பழைய வண்டிக்கு. பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சாலைக் கட்டணம் 20 ரிங்கிட்டுக்கு டச் அண்ட் கோ அட்டையில் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெட்ரோல் போடுவதானால், வெளிநாட்டு வண்டிகளுக்கு ரோன் 95 ரகப் பெட்ரோல் விற்பது 2010இலிருந்தே தடை, ரோன் 97தான் போட வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் என்ஜினை அணைத்தே ஆக வேண்டும் என்பதால், சாவி இல்லாத குட்டு பல பேருக்கு வெளிப்படுவதும் அங்கேதான்.

சாவி கையில் இருந்தும் கார் கிளம்பாத நிலையும் வரும். பெரும்பாலும் காரணம், சாவிக்குள்ளே இருக்கும் பொத்தான் வடிவச் சிறு பேட்டரி. பல சாவிகளில் அது சிஆர்2032, கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். பதற்றப்படாதீர்கள். சாவிப்பெட்டிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம். பிறகு பிரேக்கை மிதித்து, சாவிப்பெட்டியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பேட்டரி செத்தாலும் உள்ளே இருக்கும் சிறு சில்லைக் கார் மிக அருகிலிருந்து படித்துவிடும். சில கார்களில் பொத்தானுக்குப் பதிலாகக் கோப்பை வைக்கும் குழியிலோ கைத்தாங்கிக்குள்ளோ அந்த இடம் இருக்கும். கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சார்ஜ் ஆகும் தட்டின் மேல் சாவியை வைத்தாலும் கார் அதைக் காணாமல் போகலாம், தள்ளி வைத்தாலே போதும்.

கைப்பேசியையே சாவியாகப் பயன்படுத்தும் மின்சாரக் கார்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. நெரிசலில் வழிகாட்டும் வரைபடம், பிள்ளைக்குக் காட்டும் படம், உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் கடப்பிதழுக்குப் பதில் காட்டும் கியூஆர் குறியீடு, கார்ச் சாவி எல்லாம் ஒரே பேட்டரியில் தொங்குகின்றன. அது தீர்ந்தால் எல்லாமே தீர்ந்தது. காரோடு கொடுத்த சாவி அட்டையைப் பணப்பையில் வைத்திருங்கள், கடப்பிதழையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரண்டாவது சாவியை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் விட்டால், முதல் சாவி ஜொகூரில் தொலைந்த அன்று யாராவது எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டும். காரின் சிறு அறைக்குள் வைத்தால், கண்ணாடியை உடைத்தவன் பொத்தானை அழுத்தி ஓட்டிப் போய்விடுவான். கூட வருபவரின் பையில், முதல் சாவியோடு சேராமல் இருப்பதே சரி. என் தங்கை இப்போது அதை அம்மாவின் கைப்பையில் போட்டுவைக்கிறாள், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில்.