பழைய அம்பாசடரும் ஒரு ரப்பர் வளையமும்

கானாடுகாத்தானில் ஐயா ஓட்டிய 1968 மாடல் மார்க் 2 அம்பாசடர் இப்போது என் பொறுப்பில். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அதன் ஆயில் ஃபில்டர் இன்றைய கார்களைப் போல மொத்தமாகத் திருகிக் கழற்றும் டப்பா அல்ல. இரும்புக் கிண்ணம், உள்ளே ஆயிலை வடிகட்டும் எலிமெண்ட், நடுவில் ஒரு நீளமான போல்ட், கிண்ணத்தின் விளிம்பு பொருந்தும் மேல் பள்ளத்தில் ஆயில் கசியாமல் அடைக்க ஒரு ரப்பர் வளையம்.

போன மாதம் நானே மாற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் கிண்ணத்தின் விளிம்பில் ஆயில் பீறிட்டது. உடனே அணைத்தேன். போல்ட்டை இன்னும் இறுக்கத்தான் கை போனது. நல்லவேளை, அதற்கு முன் காரைக்குடி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இறுக்காதீங்க தம்பி. பழைய ரப்பர் மேலேயே ஒட்டிக்கிட்டு இருக்கும், பாருங்க."

இருந்தது. மேல் பள்ளத்துக்குள், சூட்டில் கல்லாக இறுகி. விரலால் தடவினால் உலோகம் மாதிரியே இருந்ததால்தான் எனக்குத் தெரியவில்லை; அதன் மேலேயே புது வளையத்தை வைத்திருக்கிறேன். கோணூசியால் நெம்ப, துண்டு துண்டாக வந்தது. ஒரு துணுக்குகூட விடாமல் எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, வேறொரு புது வளையத்தில் ஆயில் தடவி, முறுக்கு விழாமல் உட்கார வைத்தேன். கிண்ணத்துக்குள் ஸ்பிரிங், வாஷர் வரிசை மாறக்கூடாது. கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்தது உதவியது.

அப்புறம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க, ஸ்பார்க் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடித்தேன். வயரை மாட்டி ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டேன். கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு இல்லை. ஆயில் அளவு பார்த்து, கொஞ்சம் ஊற்றி, பள்ளத்தூர் வரை ஒரு சுற்று போய்வந்தேன்.