ஐந்து ஆண்டுக் கணக்கில் தவறுபவர்கள்: குற்றப் பதிவும் வேலை விண்ணப்பமும்

"உள்ளே போய் வந்து அஞ்சு வருஷம் ஆச்சுன்னா ரெக்கார்டு கிளியர்" என்ற பேச்சைச் சிங்கப்பூரின் தேக்கா காப்பிக்கடையில் அடிக்கடி கேட்கலாம். அதில் பாதிதான் உண்மை. மீதியை நம்பி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுபவர்கள், கிடைத்த வேலையையும் இழக்கிறார்கள்.

2005 அக்டோபரில் நடப்புக்கு வந்த விதிப்படி, குற்றப் பதிவு ஐந்து ஆண்டில் தானாகக் காலாவதியாக வேண்டுமானால் தண்டனை மூன்று மாதச் சிறைக்கோ 2,000 வெள்ளி அபராதத்துக்கோ மேல் போயிருக்கக் கூடாது. பதிவேட்டில் வேறு தண்டனை இருக்கக் கூடாது. முன்பே ஒரு பதிவு காலாவதியாகியிருந்தால் இன்னொரு வாய்ப்பு இல்லை. சில கடுமையான குற்றங்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. நான்கு மாதத் தண்டனை பெற்றவர், மூன்றில் ஒரு பங்கு தண்டனைக் கழிவு போக, ஏறக்குறைய 80 நாளில் வெளியே வந்துவிடுவார். "நான் இருந்ததே மூணு மாசத்துக்குள்ளதான்" என்று அவர் நினைப்பார். ஆனால் பார்க்கப்படுவது நீதிமன்றம் விதித்த நான்கு மாதம். ஆகவே ஞாபகத்தை நம்பாமல், தண்டனை விவரமுள்ள நீதிமன்றத் தாளை எடுத்துப் பாருங்கள். சிறை சென்றவருக்கு ஐந்து ஆண்டு விடுதலையான நாளிலிருந்து தொடங்கும், அபராதம் மட்டும் கட்டியவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்து. இடையில் இன்னொரு குற்றம் செய்தால் அந்தக் கணக்கு செல்லாது.

தானாகக் காலாவதியாகாதவர்கள் போலிஸ் ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். முடிவு அவர் கையில். வெறும் மன்னிப்புக் கடிதம் எழுதுவதைவிட, தொடர்ந்து வேலை செய்ததற்கான சான்று, முதலாளியின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது நல்லது.

காலாவதியான பிறகு "குற்றப் பதிவு உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சட்டப்படியே சொல்லலாம். அதற்கு ஒரு மாதம் முன்பு சொன்னாலும் அது பொய்தான். வெளிநாட்டு விசா வேறு விஷயம். அமெரிக்க விசா விண்ணப்பம், மன்னிப்புப் பெற்றிருந்தாலும் எப்போதாவது கைதானதுண்டா என்றே கேட்கிறது. அங்கே மறைக்காதீர்கள்.

வெளியே வந்த முதல் மாதங்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பன்னிரண்டு மாதத் தண்டனையில் எட்டாம் மாதம் வந்தவருக்கு மீதி நான்கு மாதமும் நிபந்தனைக் காலம். அதில் இரண்டு மாதம் பாக்கி இருக்கும்போது குற்றம் செய்தால், புதிய தண்டனையோடு அந்த இரண்டு மாதம் வரை கூடுதல் சிறையும் விதிக்கப்படலாம். போதைப்பொருள் கண்காணிப்பில் இருப்பவர் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டாலே அது தனிக் குற்றம். வேலை நேரம் இடித்தால் முன்கூட்டியே அதிகாரியிடம் பேசிவிடுங்கள்.

வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியைத் தெரிவியுங்கள். பழைய முகவரிக்குப் போகும் கடிதம் உங்கள் கைக்கு வராது.

வேலை தேட, முன்னாள் கைதிகளுக்கு உதவும் எல்லோ ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பை நாடலாம். தங்க இடமில்லாதவர், இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் போன்ற, சிறையிலிருந்து வருபவர்கள் தற்காலிகமாகத் தங்கும் இடைவழி இல்லங்களைப் பற்றி, விடுதலைக்கு முன்பே தன் சிறை அதிகாரியிடம் கேட்டு வைக்கட்டும்.